ஏர் ஃப்ரையரில் சிக்கன் விங்ஸ் ஏன் மொறுமொறுப்பாக வருவதில்லை?

ஏர் ஃப்ரையர் என்பது விசிறி வைத்த சின்ன ஓவன். சுழலும் சூடான காற்று தோலின் ஈரத்தை விரட்டிய பிறகுதான் தோல் சிவந்து மொறுமொறுப்பாகும். ஈரம் இருக்கும்வரை அது வெந்துகொண்டே இருக்கும். கொடியில் துணி காய்வதைப் போல: பிழிந்து, உதறி, இடைவெளி விட்டுப் போட்டால் சீக்கிரம் காயும். குவித்துப் போட்டால் காயாது.

பெரும்பாலும் கெடுப்பது மசாலாதான். தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் தந்தூரிக்கு அருமை. இங்கே அந்த ஈரம் தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். உலர்ந்த பொடிகளே போதும்.

1 கிலோ விங்ஸைத் தோலோடு கேட்டு வாங்குங்கள் (கேட்காவிட்டால் பல கடைகளில் உரித்துவிடுவார்கள்). துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். 1 மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒன்றரை தேக்கரண்டி உப்பு, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், பூண்டுப்பொடி தலா 1 தேக்கரண்டி சேர்த்துப் பிசறி, ஃப்ரிட்ஜில் மூடாமல் 1 மணி நேரமாவது வையுங்கள். இரவு முழுக்க வைத்தால் இன்னும் நல்லது. பேக்கிங் பவுடரின் காரத்தன்மையால் (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) தோல் சீக்கிரம் சிவக்கும்.

200 டிகிரி செல்சியஸில், ஒரே அடுக்காக, 10 நிமிடம். திருப்பிப் போட்டு இன்னொரு 10 நிமிடம். கூடை நிறைந்தால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். உள்ளே 74 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். தேன் கலந்த சாஸ் கருகிவிடும் என்பதால் இறக்கிய பிறகே புரட்டுங்கள்.

பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றல்ல: இதே அளவு சோடா போட்டால் கறி கசந்து, சோப்பு வாடை அடிக்கும்.