ஒரே எண்ணில் இரண்டு பரிவர்த்தனை வருமா?

கேள்வி: பிட்காயினில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் என்கிறார்களே, இரண்டுக்கு ஒரே எண் வரவே வராதா?

பதில்: வந்திருக்கிறது, அதுவும் இரண்டு முறை! இந்த எண்ணை யாரும் கொடுப்பதில்லை. பரிவர்த்தனையின் உள்ளடக்கத்தை ஹாஷ் செய்தால் (கணித முறையில் ஒரு எண்ணாகச் சுருக்கினால்) கிடைப்பது, ஆக உள்ளடக்கம் அச்சு அசலாக ஒன்றென்றால் எண்ணும் ஒன்றுதான். சாதாரணப் பரிவர்த்தனை செலவாகாத ஒரு காசைச் சுட்டியே தொடங்கும், அதே காசை மறுபடி செலவழிக்க முடியாது என்பதால் அங்கே சிக்கல் இல்லை. பரிவர்த்தனைகளை பிளாக் என்ற தொகுப்பாகக் கட்டிச் சேர்க்கும் மைனருக்குப் புதுக் காசு தரும் காயின்பேஸ் பரிவர்த்தனைக்குத்தான் முன்கதையே கிடையாது. 2010-ல் 91,812-ம் பிளாக்கின் காயின்பேஸ் அப்படியே 91,842-ல் வந்தது. 91,722-ல் இருந்தது 91,880-ல். பின்னது முன்னதை மூடிவிட, ஐம்பதும் ஐம்பதும் நூறு பிட்காயின் போனது போனதுதான். இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

2012-ல் பிஐபி 30 (பிஐபி என்பது பிட்காயின் விதிகளை மாற்றும் முன்மொழிவு) வந்தது: பழைய எண்ணில் செலவாகாத காசு மிச்சமிருந்தால், அதே எண்ணோடு வரும் பிளாக் செல்லாது. அப்புறம் பிஐபி 34, காயின்பேஸில் பிளாக்கின் உயரத்தை, அதாவது அதன் வரிசை எண்ணை, எழுதியே ஆகவேண்டும் என்றது. 2013 மார்ச்சில், 2,27,931-ம் பிளாக்கிலிருந்து அமல். உயரம் மாறினால் அடையாள எண்ணும் மாறிவிடும், சரி, பிஐபி 30 சோதனை இனி தேவையில்லை என்று நிறுத்திவைத்தார்கள். ஆனால் மிகப் பழைய சில காயின்பேஸ்களில் தற்செயலாக எதிர்கால உயரம் போன்ற எண்கள் கிடக்கின்றன, அந்த உயரம் வரும்போது அதே காயின்பேஸ் மறுபடி வரலாம். அவற்றில் முதலில் வரக்கூடியது 19,83,702, அதை 2046 வாக்கில் தொடுவோம். அங்கிருந்து பிஐபி 30 சோதனை மறுபடி ஓடும்படி பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் நிரலில் இப்போதே எழுதிவைத்திருக்கிறார்கள்.