சாய்வு காணாமல் இணைகோட்டின் சமன்பாடு போட முடியுமா?

கேள்வி: 3எக்ஸ் − 4ஒய் + 12 = 0 என்ற கோட்டுக்கு இணையாக, (2, −1) வழியே போகும் கோட்டின் சமன்பாடு என்ன? சாய்வு காணாமல் போட முடியுமா?

முடியும். உங்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். எக்ஸ், ஒய் பக்கத்து எண்களைத் தொடாதீர்கள். கடைசி எண்ணை மட்டும் கே ஆக்குங்கள்: 3எக்ஸ் − 4ஒய் + கே = 0. புள்ளியைப் போட்டால் 6 + 4 + கே = 0, அதாவது கே = −10. விடை 3எக்ஸ் − 4ஒய் − 10 = 0.

இதே மாதிரிக் கணக்கில்தான் காலாண்டுத் தேர்வில் எனக்கு மார்க் போனது. −4ஐ −1ஆல் பெருக்கி −4 என்றே எழுதிவைத்தேன். அந்த கே எதற்கு என்பதும் அப்போது புரியவில்லை. புரியவைத்தது மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் வயல்.

அந்தக் காலாண்டு லீவில் சம்பா நடவு. அப்பா முதல்முறையாகத் திருந்திய நெல் சாகுபடியில் இறங்கியிருந்தார். வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்தும் அதே. கயிற்றின் ஒரு முனை என்னிடம், மறுமுனை சித்தப்பாவிடம். அவர் அளவுக்குச்சி வைத்து நகர்த்தினார்; நான் குத்துமதிப்பாக ஒரு சாண். பத்து வரிசை தாண்டுவதற்குள் கயிறு கோணிவிட்டது. "ஏண்டா, ரெண்டு முனையையும் ஒரே அளவு தள்ளுனாத்தானடா கயிறு நேரா இருக்கும்! நாளைக்குக் களை எடுக்கக் கோனோவீடரை எதுல ஓட்டுறது?" என்று கத்தினார். நடவு நட்ட பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எக்ஸ், ஒய் எண்களை அப்படியே விட்டால் கயிறு கோணாது. கே-யை மாற்றினால் கயிறு அப்படியே தள்ளிப்போகும்.

கே-யில் வரும் வித்தியாசமே இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் என்று நான் சொல்லவில்லை, அதற்குள் பாய வேண்டாம். இங்கே 12க்கும் −10க்கும் வித்தியாசம் 22. 3, 4இன் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 5; அதால் வகுத்தால் தூரம் 4.4. சாய்வு 3/4 என்று எடுத்துப் போட்டாலும் இதே விடைதான். ஆனால் எக்ஸ் = 5 என்று நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குச் சாய்வை எங்கே போய் எடுப்பது?

இணை என்றாலே எனக்குப் பக்கத்து வயல்காரர் ஞாபகம்தான் வருகிறது. வருடா வருடம் வரப்பில் அண்டை வெட்டும்போது எங்கள் பக்கமாக ஒரு மண்வெட்டி கூடவே தள்ளுவார். அதுவும் அவர் வீட்டுப் பக்கம் கொஞ்சம், வாய்க்கால் பக்கம் நிறைய. நிலத்தை அளந்து தரச் சொல்லி சர்வேக்குப் பணம் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. போய்க் கேட்டால் அறுவடை முடியட்டும் என்கிறார்கள். அறுவடை முடிந்து போனால், நடவு ஆரம்பிச்சாச்சே என்கிறார்கள்.