எடை குறைந்தது, எழுந்திருக்க முடியவில்லை!

கேள்வி: நான் 67 வயதுப் பெண். மும்பை செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். 15 வருடமாகச் சர்க்கரை. மாத்திரைதான், ஊசி இல்லை. ஒன்றரை வருடத்தில் 60 கிலோவிலிருந்து 54 ஆகிவிட்டேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் பூஜை முடிந்து தரையிலிருந்து எழ, கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. திருச்செம்பூர் முருகன் கோயில் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். காலையில் 2 இட்லி, மதியம் கொஞ்சம் ரசம் சாதம், இரவு 2 சப்பாத்தி. வயசானால் இப்படித்தான் என்கிறான் மகன். நிஜமா?

பதில்: உங்கள் மகன் சொல்வது பாதி சரி. வயதோடு தசை குறையும். மாதவிலக்கு நின்ற பிறகு இன்னும் வேகமாக. ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே வருகிறது. தசைக்குள் சர்க்கரையை அனுப்புவதோடு, தசை கரையாமல் காப்பதும் இன்சுலின் வேலை. அதன் பேச்சை உடம்பு கேட்காமல் போனால் இரண்டும் கெடும். இன்னொரு பக்கம், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது கரைந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. நீங்கள் இழந்த 6 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. பாராட்டியவர்களுக்கும்தான்.

நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் மருமகள் நிற்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம். அப்புறம், இரண்டு கை கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களை வளையமாக்கிக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். வளையத்துக்குள் கால் தொளதொளவென்று இருந்தால் அதுவும் ஒரு அறிகுறி. கால் வீங்கியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

நடையை விடாதீர்கள். ஆனால் நடை மட்டும் தொடையைத் தேற்றாது. அதே நாற்காலியில் 10 முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டைக் கையில் வைத்துத் தூக்குவது: வாரத்தில் 3 நாள் போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று சர்க்கரை இறங்கலாம்; வியர்வை, நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டுச் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள். கண்ணில் ரத்தக்கசிவு இருந்தவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது.

உண்மையில் என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் சாப்பாடுதான். சர்க்கரைக்குப் பயந்து சாதத்தைக் குறைத்தீர்கள், சரி. அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லையே! உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 55 முதல் 65 கிராம் புரதம் வேண்டும். நீங்கள் எழுதிய பட்டியல் 30-ஐத் தொடுவதே சந்தேகம். ரசத்தில் பருப்புத் தண்ணீர்தான் இருக்கிறது, பருப்பு இல்லை. இட்லிக்குப் பதில் சில நாள் அடை, மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவுச் சப்பாத்தியோடு 50 கிராம் பனீர். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஒன்றுக்கு 6 கிராம். ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் சோதனைகளைப் பார்த்த பிறகே புரதத்தைக் கூட்டுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கணக்கு வேறு.

அதே ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் டி, பி12 பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், சைவக்காரர்களுக்கு இன்னும் அதிகமாக. முயற்சி செய்யாமலே 6 கிலோ இறங்கியிருந்தால் அதற்கும் டாக்டர் காரணம் தேட வேண்டும்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. கோயில் படியில் உங்களை உட்கார வைத்தது தொடையா, மூச்சா? மூச்சு என்றால் நாற்காலி, அடை எல்லாம் அப்புறம். இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை இருக்கும் பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் இதயக் கோளாறு வரும்.