மணி உதிரும் தோல் பை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: "அமெரிக்கப் பழங்குடியினர் கைவேலை, அசல் தோல்" என்ற இணைய விளம்பரத்தை நம்பி 2,400 ரூபாய்க்குப் பாசிமணி தைத்த கைப்பை வாங்கினேன். இரண்டே மாதத்தில் ஒரு மூலையில் மணிகள் வரிசையாக உதிர்ந்துவிட்டன. படம் இணைத்திருக்கிறேன். "விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை" என்கிறார்கள். பை அசல்தானா? பணம் கிடைக்குமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: அந்த விலைக்கு அந்த வேலை கிடைக்கவே கிடைக்காது. முழுக்க மணி தைத்த ஒரு ஜோடி மான்தோல் காலணியே அங்கே பல நூறு டாலர் விலை போகிறது. உங்கள் படத்தில், மணி உதிர்ந்த இடத்தில் கறுப்புத் துணியும் காய்ந்த பசையும் பளிச்சென்று தெரிகின்றன. துணியில் மணி தைத்து, அதை வெட்டித் தோலில் ஒட்டியிருக்கிறார்கள். வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்ததும் வரிசை முழுவதும் கழன்றுவிட்டது.

அசல் வேலையில் மணி தோலிலேயே தைக்கப்படும். ஊசி தோலை ஊடுருவி மறுபுறம் வராது. மேல்பாதிக் கனத்துக்குள்ளேயே நுழைந்து வெளியேறும். அதனால் உட்புறத்தில் தையல் தெரியாது. தையலில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில் ஏழெட்டு மணிகளை நூலில் கோத்து, இரு முனைகளில் மட்டும் தோலோடு பிணைப்பார்கள். வரப்பு வரப்பாக மேடு தட்டி நிற்கும். மற்றதில் ஒரு நூல் மணிகளைக் கோக்க, இன்னொரு நூல் இரண்டு மூன்று மணிகளுக்கு ஒருமுறை அதைத் தோலோடு கட்டும். முன்னதில் நூல் அறுந்தால் ஒரு வரி போகும், பின்னதில் ஓரிரு மணிகளோடு நின்றுவிடும். தினமும் தோளில் மாட்டும் பைக்கு இரண்டாவதையே நான் சொல்வேன்.

வட அமெரிக்கப் பழங்குடியினர் ஐரோப்பிய வணிகர்கள் வருமுன் முள்ளம்பன்றி முள்ளைச் சாயமேற்றித் தட்டையாக்கித் தோலில் தைத்தார்கள். நூல், விலங்கின் தசைநார். பிறகுதான் இத்தாலியின் வெனிசிலிருந்தும், இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவிலிருந்தும் கண்ணாடி மணிகள் போய்ச் சேர்ந்தன. இன்று நாம் காணும் பொடி மணிகள் சமவெளிப் பகுதிகளில் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். (கடல் வழியாக மணி வருவதும் போவதும் நம் கரைக்குப் புதிதல்ல. வைகை முகத்துவாரத்து அழகன்குளம் அகழாய்வில் ரோமானிய நாணயங்களோடு மணிகளும் கிடைத்திருக்கின்றன.) பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நேர்மையான வியாபாரியிடம் கேட்டால், செய்தவர் எந்தப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடுவார்.

இனி பணம். "திரும்பப் பெறுவதில்லை" என்ற வாசகத்துக்கு அஞ்ச வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது. ஆனால் பொய் விவரம், தயாரிப்புக் குறை ஆகியவற்றுக்காகப் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. முதலில் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அது மாயமாகலாம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மசியாவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: இராமேஸ்வரத்தில் ஒரு மணிப்பை பார்த்து வைத்திருக்கிறேன். கடற்காற்றில் தாங்குமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் அப்படி இராது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் வருகிறதா என்றும் பாருங்கள். வெள்ளி, தங்க நிறப் பூச்சு மணிகள் நம் ஊர் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் சீக்கிரம் மங்கிவிடும். கண்ணாடியிலேயே நிறம் ஊறியவற்றை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோலில் பூசணம் பிடிக்கும். பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பூசணம் கண்டால் வெளியே வைத்து மென்மையான பிரஷால் தட்டி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்துவிடும்.

கேள்வி: என் மணிப்பையில் சில மணிகள் உதிர்ந்துவிட்டன. ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவரிடம் கொடுக்கலாமா?
– வாசகி, தொண்டி

பதில்: ஆரி ஊசியில் வேண்டாம். சங்கிலித் தையலில் ஒரு முனை விட்டால் மளமளவென்று பிரியும். செருப்புத் தைக்கும் தடித்த ஊசியும் கூடாது. துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம்போலத் தோல் அப்படியே கிழிந்துவரும். மெல்லிய மணி ஊசியும் நைலான் நூலும் கொண்டு கையால் தைப்பவரிடம் கொடுங்கள். பழைய துளைகளிலேயே போகச் சொல்லுங்கள்.