ஆளுக்கு ஒரு ரோலா, வேலைக்கு ஒரு ரோலா?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் 38 பேர் ஈஆர்பி (ஸ்டாக், பில், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் சாஃப்ட்வேர்) பயன்படுத்துகிறோம். ரோல் (யார் எதைச் செய்யலாம் என்ற உரிமைத் தொகுப்பு) மட்டும் 31 இருக்கிறது. புது ஆள் வந்தால் பழைய ஆளின் ரோலைக் காப்பி எடுத்து, கேட்டதற்கெல்லாம் டிக் போட்டுக் கொடுத்துவிடுவோம். டையிங் டிசியை (சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும்போது போடும் டெலிவரி சலானை) யாரெல்லாம் திருத்த முடியும் என்று ஆடிட்டர் கேட்டார், எங்களுக்கே தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?
– வாசகர், திருப்பூர்

பதில்: பர்மிஷன் ஸ்கிரீனை இப்போதைக்குத் திறக்காதீர்கள். திறந்தால் யாருக்கு எந்த டிக் என்ற பேச்சுதான் ஓடும். முதலில் ஓர் எக்செல் ஷீட் போடுங்கள். இடப்பக்கம் வரிசையாக நூல் பிஓ (கொள்முதல் ஆர்டர்), நிட்டிங் டிசி, டையிங் டிசி, துணி இன்வேர்டு (வந்த துணியின் வரவுப் பதிவு), கட்டிங் ரிப்போர்ட், ஜாப் ஒர்க் பில் (வெளியே கொடுத்துச் செய்த வேலைக்கான பில்), பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், பேமெண்ட் வவுச்சர். மேலே ஐந்து தலைப்பு: போடுவது, திருத்துவது, அப்ரூவ் செய்வது, கேன்சல் செய்வது, பார்ப்பது. கட்டத்துக்குள் வேலையின் பெயர் மட்டுமே வர வேண்டும். ஆள் பெயர் ஒன்றுகூட வரக் கூடாது.

‘திருத்துவது’ கட்டத்தில்தான் அதிக நேரம் உட்கார வேண்டும். டையிங்குக்கு 500 கிலோ கிரே (சாயம் போடாத) துணி போகிறது, 470 கிலோ திரும்பி வருகிறது. பேசிய லாஸ் 4 சதவீதம், அதாவது 20 கிலோ. குறைந்ததோ 30 கிலோ. இன்வேர்டு போடுகிறவரே பழைய டிசியைத் திறந்து 500ஐ 490 என்று மாற்ற முடிந்தால், லாஸ் 20 கிலோவாகி, 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். 10 கிலோ துணிக்குக் கேள்வியே எழாது. ஆகவே, யார் திருத்தலாம் என்பதோடு எதுவரை திருத்தலாம் என்பதையும் எழுதுங்கள். டிசி பிரிண்ட் ஆகி வண்டி கிளம்பும்வரை ஸ்டோர் திருத்தலாம். அந்த டிசிக்கு ஓர் இன்வேர்டு விழுந்த பிறகு யாரும், முதலாளியும்கூட, அதைத் தொடக் கூடாது. எடை தவறாக இருந்தால் காரணம் எழுதித் தனியாக ஒரு சரிக்கட்டு என்ட்ரி போட்டு, ஃபேப்ரிக் மேனேஜர் அப்ரூவ் செய்யட்டும்.

ஷீட் முடிந்ததும் சாஃப்ட்வேரின் லாகை (யார், எப்போது, எதைச் செய்தார் என்ற பதிவை) எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று மாத லாக் போதாது, 13 மாதம் வேண்டும். மார்ச் ஸ்டாக் கணக்கு மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வேலையை, யாரும் தொடவில்லை என்று நினைத்து வெட்டிவிடுவோம். அடுத்த மார்ச்சில் ராத்திரி 10 மணிக்கு ஃபோன் வரும்.

பிறகு சின்னச் சின்ன ரோல்களாக உருவாக்குங்கள்: டையிங் டிசி போடுபவர், இன்வேர்டு போடுபவர், ஜாப் ஒர்க் பில் சரிபார்ப்பவர். ஒருவருக்கு இரண்டு மூன்று ரோல் சேர்ந்து வரலாம். உங்கள் அளவுக்கு 10 முதல் 14 ரோல் தாராளம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற ஈஆர்பி சாஃப்ட்வேர்களில் ரோல்கள் கூட்டிக்கொண்டே போகும், குறைக்காது. முழு உரிமை உள்ளவருக்கு ‘பார்க்க மட்டும்’ என்ற ரோலையும் கொடுத்தால் அவர் உரிமை இம்மியும் குறையாது. பழைய ரோலைக் கழற்றியே ஆக வேண்டும்.

டெஸ்ட் காப்பியில் சோதிக்கும்போது, செய்யக் கூடாததைச் செய்து பாருங்கள். இன்வேர்டு போடுகிறவரின் ஐடியில் நுழைந்து டிசியைத் திருத்தப் பாருங்கள், தடுக்க வேண்டும். மாற்றத்தை ஒரே நாளில் கம்பெனி முழுக்கப் போடாமல், ஸ்டோரில் ஆரம்பித்து ஒவ்வொரு செக்‌ஷனாகப் போங்கள். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை இருப்பதால், 21க்கு மேல், ஷிப்மென்ட் இல்லாத வாரம் நல்லது. பழைய ரோலை அழிக்காமல் ஒரு மாதம் முடக்கி வையுங்கள். அவசரத்துக்குக் கொடுக்கிற உரிமைக்கு முடியும் தேதியையும் சேர்த்தே போடுங்கள். அந்த 31 ரோலில் பாதி, திரும்ப எடுக்க மறந்த அவசரங்களாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஹோம் டெக்ஸ்டைல்ஸ் செய்கிறோம். ஆபீஸில் இரண்டே பேர். சப்ளையர் லெட்ஜர் திறப்பதும் பணம் அனுப்புவதும் ஒரே அக்கவுன்டன்ட். பிரிக்க ஆள் இல்லை.
– வாசகி, கரூர்

பதில்: எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாறும் இடத்தை மட்டும் கட்டாயம் பிரியுங்கள். அக்கவுன்டன்ட் மாற்றத்தைப் பதியட்டும். நீங்கள் அப்ரூவ் செய்யும்வரை அந்தப் பார்ட்டிக்குப் பணம் போகக் கூடாது. அப்ரூவ் செய்யுமுன் அந்தச் சப்ளையருக்கு ஃபோன் போடுங்கள். கணக்கு மாறியது என்று மெயிலில் வந்த எண்ணுக்கு வேண்டாம், உங்களிடம் பழையபடி இருக்கிற எண்ணுக்கு. வங்கியின் கார்ப்பரேட் நெட்பேங்கிங்கில் ஒருவர் பதிந்து இன்னொருவர் அனுமதிக்கும் மேக்கர்-செக்கர் வசதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அனுமதி ஓடிபி உங்கள் ஃபோனுக்கே வர வேண்டும். ஃபோனை அக்கவுன்டன்ட் மேஜையில் வைத்துவிட்டுப் போனால் இத்தனையும் வீண்.

கேள்வி: தேங்காய் நார் ஏற்றுமதி செய்கிறோம். சேல்ஸ் ஆட்களுக்கு அடக்கவிலை தெரியாமல் ஸ்கிரீனில் மறைத்தோம். எக்செலில் இறக்கினால் வந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: மறைத்தது கண்ணுக்கு மட்டும்தான், விவரத்துக்குப் பூட்டுப் போடவில்லை. ஒடூவில் ஸ்கிரீன் வடிவத்தில் ஒரு கட்டத்தை மறைத்தால் எக்ஸ்போர்ட் வழி திறந்தே இருக்கும். மாடலில் (விவரம் சேமிக்கப்படும் அமைப்பில்) அந்த ஃபீல்டுக்கே, அதைப் பார்க்க உரிமையுள்ள குரூப்பைக் குறிக்கும்படி சாஃப்ட்வேர் ஆளிடம் சொல்லுங்கள். அப்போது சர்வரே கொடுக்க மறுக்கும். செய்த பிறகு சேல்ஸ் ஐடியில் எக்ஸ்போர்ட், பிரிண்ட், ரிப்போர்ட், மொபைல் ஆப் நான்கையும் தட்டிப் பாருங்கள். தனியாக எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து நேராக விவரம் எடுக்கும் மொழி) எழுதிச் செய்த ரிப்போர்ட் இந்தப் பூட்டை மதிக்காது. அதற்குத் தனி ரோல் வேண்டும். மார்ஜின் சதவீதம் தெரிகிறதா என்றும் பாருங்கள். விற்பனை விலையும் மார்ஜினும் கையில் இருந்தால் அடக்கவிலை ஒரு சின்னக் கணக்கில் வந்துவிடும்.

கேள்வி: ஸ்டோரில் இரண்டு ஷிஃப்ட், நான்கு பேர், ஒரே ஐடி. தவறாங்க?
– வாசகர், ஈரோடு

பதில்: தவறுதாங்க. கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களின் கணக்கு சாஃப்ட்வேரில், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிகிற எடிட் லாக் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை அணைக்கவும் கூடாது. அந்த லாகில் ‘ஸ்டோர்1’ என்று விழுந்தால் நான்கு பேரில் யார் என்று எப்படிச் சொல்வீர்கள்? பார்ட்னர்ஷிப் என்றால் இந்த விதி உங்களுக்கு இல்லை, ஆனால் மூட்டை குறையும்போது கேள்வி அதேதான். ஆளுக்கு ஒரு ஐடி, நால்வருக்கும் ஒரே ரோல். வேலையை விட்டு நின்றவரின் ஐடியைக் கணக்கு முடிக்கும் அன்றே முடக்குங்கள். அழித்தால் அவர் போட்ட பழைய என்ட்ரிகளில் பெயர் தொலைந்துபோகலாம். புதிதாக வருகிறவருக்கு அதே ஐடியைக் கொடுக்கவும் வேண்டாம்.