ஐ.ஈ.பி. கூட்டத்தில் பெற்றோர் பேச்சு எடுபடுமா, கையெழுத்துக்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்களா?

நியூயார்க்கில் இருக்கிறீர்கள், மகளுக்கு அடுத்த மாதம் முதன்முதலாக ஐ.ஈ.பி. கூட்டம் (சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைக்கென்று பள்ளி போடும் தனித் திட்டத்தைப் பேசும் கூட்டம்), ‘எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும், நாம் தலையாட்ட வேண்டியதுதான்’ என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே மாநிலத்தில்தான் இருக்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். பேச்சு எடுபடும். ஆனால் முதல் வருடம் எனக்கு எடுபடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மேசையைச் சுற்றி ஆறு பேர். அவர்கள் கையில் அச்சடித்த திட்டம், என் கையில் வெறும் பேனா. ஒவ்வொருவரும் பெயரும் பதவியும் சொன்னார்கள். என்னைக் கடைசி வரை ‘மாம்’ என்றுதான் அழைத்தார்கள். திட்டத்தில் ஒரு வரி: ‘மாணவன் தானாக எதையும் கேட்பதில்லை.’ வீட்டில் அவன் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாய் முன்னால் நிறுத்தி ‘தண்ணி’ என்பான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். 1975 வரை பல மாநிலங்களில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்ப முடிந்தது. பென்சில்வேனியாவில் பெற்றோர் ஒரு சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1972-இல் அதில் கிடைத்த தீர்வு, மூன்று வருடம் கழித்து வந்த மத்தியச் சட்டத்துக்கு வழிவிட்டது. அதைத்தான் இன்று ஐடியா (IDEA) சட்டம், அதாவது மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விச் சட்டம், என்கிறோம். ஐ.ஈ.பி. குழுவில் யார் யார் என்று அது அடுக்கும்போது முதலில் வருவது பெற்றோர்; ஆசிரியர்கூட அடுத்துதான். அந்த வரியைப் படித்தபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது. நாம் அங்கே விருந்தாளி இல்லை, குழுவில் ஓர் ஆள்.

பள்ளி வரைவைத் தயார் செய்துகொண்டு வரலாம், அதில் தப்பில்லை. முடிவையே எடுத்துக்கொண்டு வரக் கூடாது. டென்னசியின் ஹாமில்டன் கவுன்ட்டி வழக்கில் 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும், முடிவு முன்பே ஆகியிருந்தால் அவர்கள் பங்கேற்றதாக ஆகாது.

இரண்டாவது வருடம் மூன்று காரியம் செய்தேன். கூட்டத்துக்கு முன்பே அவனுடைய பரிசோதனை அறிக்கைகளையும் வரைவையும் எழுத்தில் கேட்டு வாங்கினேன். பள்ளிப் பதிவேடுகளைக் கூட்டத்துக்கு முன் பார்ப்பது நம் உரிமை. அடுத்து, அவன் தண்ணீர் கேட்பதை போனில் வீடியோ எடுத்தேன்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. நம் மாநிலத்தில், சிறப்புக் கல்வி தேவைப்படும் வேறொரு குழந்தையின் பெற்றோரைக் கூடுதல் பெற்றோர் உறுப்பினராக ஐ.ஈ.பி. குழுவில் உட்காரவைக்கச் சொல்லிக் கேட்கலாம். முன்பு அவர் தானாகவே வருவார். 2012 முதல் கேட்டால்தான் வருவார். கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கேட்க வேண்டும். நான் ஒரு மின்னஞ்சல்தான் அனுப்பினேன்.

வந்தவர் எனக்கு முன்பின் தெரியாத ஓர் அம்மா. அதிகம் பேசவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினேன், எல்லாரும் பார்த்தார்கள், ‘நல்லது மாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்கள். அப்போது அவர் கேட்டார்: “இவர் இப்போது சொன்னதைத் திட்டத்தில் எந்த இடத்தில் எழுதப் போகிறீர்கள்?” ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பழைய வரியை அழித்தார். ‘வீட்டில் தமிழில் தானாகக் கேட்கிறான், வகுப்பிலும் கேட்க வைப்பது இலக்கு’ என்று எழுதினார். பெற்றோரின் கவலைகளுக்குத் திட்டத்தில் தனி இடமே இருக்கிறது. நாம் சொன்னது அங்கே ஏறியதா என்று பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். நாம் கேட்டதை மறுத்தால் ஏன் என்று காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அந்தச் செலவு பள்ளியுடையது. மகளை நன்றாக அறிந்த ஒருவரை, பாட்டியாக இருந்தாலும் சரி, உங்களோடு கூட்டிக்கொண்டு போகலாம்.

கையெழுத்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். வந்ததற்கான கையெழுத்து வேறு, சம்மதக் கையெழுத்து வேறு. முதல் முறை சேவைகளைத் தொடங்க உங்கள் எழுத்துச் சம்மதம் கட்டாயம் வேண்டும். அந்தப் படிவத்தை அங்கேயே நிரப்பித் தர வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். பின்னால் வரும் வருடங்களில் திட்டத்தை மாற்ற இப்படி ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க மாட்டார்கள், நாம்தான் ஆட்சேபிக்க வேண்டும். அதனால் இந்த முதல் கூட்டத்தில் நிறையக் கேள்வி கேளுங்கள். கூட்டத் தேதி வந்ததும் 72 மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணி, அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.