வீட்டைச் சூடாக்க எது வாங்கலாம்? கேள்வி பதில்

மின்சார ஹீட்டர், கேஸ் பாய்லர், ஹீட் பம்ப். மூன்றில் எது மலிவு சார்?

பெட்டியின் விலையை அப்புறம் பார்க்கலாம். ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) சூடு அறைக்குள் வந்துசேர என்ன செலவு என்பதுதான் முதல் கணக்கு. மின்சார ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு தரும். ஆயில் நிரப்பியது, இன்ஃப்ராரெட் என்று எந்தப் பெயரில் விற்றாலும் அதற்குமேல் வராது. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவருகிறது. அதனால் வெளியே 7 டிகிரி இருக்கையில் சுமார் 3 யூனிட் கிடைக்கும். குளிர் ஏற ஏற இது இறங்கும். இயற்கை எரிவாயு ஒரு கனமீட்டரில் சுமார் 10 யூனிட். 90 சதவீதத் திறனுள்ள பாய்லரில் 9 தேறும். பில்லை எடுத்து, மின்சார யூனிட் விலையை 3-ஆலும் கேஸ் கனமீட்டர் விலையை 9-ஆலும் வகுத்துப் பாருங்கள். எது குறைவோ அதன் பக்கம் போங்கள்.

பாய்லருக்கு ஒருவர் 24 கிலோவாட் என்கிறார், இன்னொருவர் 10 போதும் என்கிறார். யாரை நம்ப?

உங்கள் மீட்டரை நம்புங்கள். நல்ல குளிர் நாளில் காலை 7 மணிக்குக் கேஸ் மீட்டரைக் குறித்துவைத்து, மறுநாள் அதே நேரம் பாருங்கள். 15 கனமீட்டர் ஓடியிருந்தால் 150 யூனிட். பழைய பாய்லரின் திறன் 80 சதவீதம் என்றால் உள்ளே வந்தது 120. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 5 கிலோவாட். குளியலும் சமையலும் இதிலேயே அடக்கம். இன்னும் கடுங்குளிர் வரும் என்றால் 7 வைத்துக்கொள்ளுங்கள். 24 என்பது குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் கொட்டுவதற்கான அளவு, அறைக்கானது அல்ல. தேவைக்கு மிஞ்சிய பாய்லர் சில நிமிடம் எரிந்து அணையும், மறுபடி எரியும். கேஸும் வீண், பாகங்களும் சீக்கிரம் தேயும்.

பழைய ரேடியேட்டர்களோடு (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகைகள்) ஹீட் பம்ப் ஒத்துவருமா?

வாங்காமலே சோதிக்கலாம். குளிர் நாட்களில் பாய்லர் அனுப்பும் தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்கு இறக்கி, இரண்டு நாள் விடாமல் ஓடவிடுங்கள். வீடு கதகதப்பாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒரு அறை மட்டும் சில்லிட்டால் அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர் மாற்றுங்கள்.

கண்டென்சிங் பாய்லர் வைத்திருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். திரும்பிவரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி தண்ணீராகி, தன் சூட்டை விட்டுப்போகும். பாய்லர் ஓடும்போது அடியிலுள்ள பிளாஸ்டிக் வடிகுழாயைப் பாருங்கள். அதில் சொட்டே இல்லை என்றால், கண்டென்சிங்குக்குக் கொடுத்த கூடுதல் பணம் புகையோடு போகிறது.

ஹீட் பம்பின் வெளிப் பெட்டியில் வெண்பனி படர்ந்து, திடீரென ஆவி கிளம்புகிறது. பழுதா?

இல்லை. படிந்த பனியை அதுவே உருக்குகிறது, சில நிமிட வேலை. மணிக்கணக்கில் பனி அப்படியே கிடந்தால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

கையில் பணம் கொஞ்சம்தான். எங்கே தொடங்க?

காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தியைக் கதவு, ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை வளையும் இடமெல்லாம் ஓட்டை. ரப்பர் பட்டையும் சீலன்ட்டும் போதும். அடுத்து கூரைக்கடியில் இன்சுலேஷன். ஹீட்டர் அளவை இதற்குப் பிறகு முடிவுசெய்தால் சின்னதே போதுமானதாகிவிடும்.

படுக்கையறைக்குப் புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் வைக்கலாமா?

கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் விழிக்கவே மாட்டார். எரிபொருள் எரியும் எந்த வீட்டிலும், படுக்கையறைக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.